மே 7 இல்லாத எலிகள்

இருபத்துநான்கு எலிகள் மே மாதம் ஏழாம் தேதி ஏன் இல்லை என்று மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும் என எலி டாக்டருக்கு ஒரு மெமோ வந்தது. எலிகளின் மேலதிகாரி என்ற முறையில் அவர்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்றும் அதில் கேட்டிருந்தார்கள். அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். சிரிக்க வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டினால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

அந்த நிறுவனம் சாதாரணப்பட்டதல்ல. மனிதன் எப்படிப் பார்க்கிறான், கேட்கிறான், முகர்கிறான், சுவைக்கிறான், தொட்டு உணர்கிறான் என்று ஆராய்வதற்காகவே கட்டிய கட்டடம். ஐந்து புலனுக்கு ஐந்து மாடி. ஆறாவது அறிவுக்கு மட்டும் மாடி கட்டவில்லை. பார்வைத் துறையின் தாழ்வாரத்தில் விளக்கு எரியாது. செவித் துறைக்கு எத்தனை தடவை போன் அடித்தாலும் எடுக்க ஆள் இருக்காது. லிப்ட் நான்காவது மாடியோடு நின்றுவிடும். ஐந்தாவது மாடியில் இருந்த தொடுதல் துறைக்குப் படியேறித்தான் போகவேண்டும்.

எலி டாக்டர் அங்கேதான் இருந்தார். எலிக்கு வைத்தியம் பார்க்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். தோலில் படும் ஒரு தொடுதல் மூளைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது, எந்த மரபணு அதற்கு வழிவிடுகிறது என்று எலிகளை வைத்துக் கண்டுபிடிக்கும் விஞ்ஞானி. இந்தப் படிப்பைத் தேடிப்போய்ப் படித்ததற்குக் காரணம் அவருடைய அப்பா. ஐம்பது வயதில் அப்பாவின் சுண்டுவிரல்கள் மரத்துப்போயின. ஐம்பத்தைந்தில் முழங்கைவரை ஒன்றும் தெரியாது. அதே வியாதி இப்போது அக்காவுக்கு வந்திருந்தது.

அக்காவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. ஒரு பிரெய்ல் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. புள்ளி புள்ளியாகப் புடைத்திருக்கும் எழுத்தை விரலால் தடவிப் படித்து, எங்கே ஒரு புள்ளி கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அச்சகத்தில் அவர் விரலுக்குத் தப்பிய பிழை இதுவரை வெளியே போனதில்லை என்பார்கள். அந்த விரல்கள்தான் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. முதலில் சுண்டுவிரல்கள், பிறகு மோதிர விரல்கள்.

பதினொரு வருஷம் தேடி எலி டாக்டர் குற்றவாளியைப் பிடித்தார். அப்பாவிடமும் அக்காவிடமும் வேலைசெய்யாமல் போயிருந்த ஒரு மரபணு. உலக வழக்கப்படி அதற்கொரு பெயர் வைத்தார்கள். வாயில் நுழையாத மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, வரிசை எண்ணையும் போட்டு, மே-7. மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆட்டுக்கும் சம்பந்தமில்லை. அந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளை நாலு வருஷம் பாடுபட்டு உருவாக்கினார். அவற்றின் பெயர், மே-7 இல்லாத எலிகள்.

மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டால் மற்ற எலிகள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்ளும். இவை பேசாமல் நிற்கும். பிறகு அவர் ஒரு மருந்து செய்தார். பாதத்தில் ஒரு துளி. நாலாவது வாரம் மறுபடி இழையால் தொட்டபோது இருபத்துநான்கில் ஒன்பது எலிகள் காலை இழுத்துக்கொண்டன. அன்று எலி டாக்டர் தனியாக நின்று கைதட்டினார்.

இனி பாக்கி ஒன்றே ஒன்றுதான். இந்த எலிகளின் குட்டிகளுக்கும் மருந்து கொடுத்து, கெடுதல் இல்லை என்று காட்டிவிட்டால் மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்கலாம். முதல் ஆளாக அக்கா கை நீட்டுவார். ஆனால் அந்த வம்சம் எட்டு மாதத்துக்குமேல் குட்டி போடாது. நவம்பரில் எலிகளுக்கு ஐந்து மாதம். எலிகளைச் சேர்த்துவிட நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக்குப் படிவம் பதினேழு. அதில் அவர் எழுதியது ஒரே வரி: "மே-7 இல்லாத எலிகள் 24. இனப்பெருக்கத்துக்கு அனுமதி கோரப்படுகிறது."

அந்த வரிதான் மெமோவாகத் திரும்பி வந்திருந்தது. படியிறங்கி அலுவலகத்துக்குப் போனார்.

"நான் ஒண்ணும் பண்ணலை மேடம்," என்றார் பிரிவு எழுத்தர். நல்ல மனுஷர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். "நீங்க எழுதினதைத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். அதுவா தேதியாக்கிடுச்சு."

"அது தேதி இல்லைங்க. ஒரு மரபணுவோட பேரு."

"மாசத்தோட பேரைப் போய் யாராவது வைப்பாங்களா மேடம்?"

"வெச்சிட்டாங்க. நீங்க அதைத் திருத்திடுங்க, போதும்."

"தாராளமா. அதுக்குப் படிவம் முப்பத்தொண்ணு. ஆனா மெமோ போன கோப்புல, மெமோவுக்குப் பதில் வராம திருத்த முடியாது. பதில் குடுத்துட்டீங்கன்னா மெமோவை ஒத்துக்கிட்டதா ஆயிடும். ஒத்துக்கிட்ட பிறகு திருத்தறதுக்கு என்ன இருக்கு?"

"அப்ப நான் என்னதான் செய்றது?"

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "எலிகளுக்கு அன்னிக்கு உடம்பு சரியில்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. இருபத்துநாலுக்கும் சேர்த்து ஒரே சர்ட்டிபிகேட் போதும்னு நான் சொல்லிக்கறேன்."

உதவி செய்கிறோம் என்ற நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது. எலி டாக்டர் நன்றி சொல்லிவிட்டு மேலே வந்தார்.

பொய் எழுத மனமில்லை. மரபணு என்றால் என்ன, பெயர் எப்படி வைக்கிறார்கள், மே-7 இல்லாத எலி என்றால் என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு பக்கத்தில் "மே-7 இல்லாத எலிகள்" பதினொரு இடத்தில் வந்தது. எழுத்தர் ஒன்று விடாமல் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அடுத்த வாரம் இரண்டாவது மெமோ. மேற்படி எலிகள் பதினொரு முறை இல்லாமல் இருந்ததாக விஞ்ஞானியே ஒப்புக்கொண்டிருப்பதால், இது தொடர் குற்றமாகக் கருதப்பட்டு விசாரணைக் குழு அமைக்கப்படுகிறது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மெமோவை அக்காவுக்குப் படித்துக் காட்டினார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரு சின்னக் கோடு விட்டுப்போச்சு, அவ்வளவுதானே பாப்பா? மேக்கும் ஏழுக்கும் நடுவுல ஒரு கோடு. எங்க எழுத்துல அது ரெண்டே ரெண்டு புள்ளி. இதை நான் விட்டிருந்தா அச்சகத்துல என் சீட்டைக் கிழிச்சிருப்பாங்க."

"உனக்குச் சிரிப்பா இருக்கு."

"பின்ன அழவா? இருபத்துநாலு எலி லீவு போட்டிருக்கு, எனக்கு அச்சகத்துல ஒருநாள் குடுக்க மாட்டேங்கறான்." தட்டைத் தடவி, டம்ளரைத் தேடிப் பிடித்துக்கொண்டு, பால் தீர்ந்துபோனதைச் சொல்வதுபோல அக்கா சொன்னார்: "நடுவிரலும் போயிடுச்சு. முந்தாநாள்லேர்ந்து."

"ரெண்டு கையிலயுமா?"

"ம். ஆட்காட்டி விரல் ரெண்டும் இருக்கு. படிக்கிறதுக்கு அது போதும். நீ சாப்பிடு."

எலி டாக்டர் சாப்பிட்டார். பயமாக இருந்தது. என்ன சாப்பிட்டோம் என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

விசாரணை முடியும்வரை இருபத்துநான்கு எலிகளும் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கப்படுவதாக ஆணை வந்தது. பணிநீக்கத்தில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் கலந்துபேசிச் சாட்சியத்தைக் கலைத்துவிடக் கூடாது அல்லவா? ஆகவே ஓர் எலிக்கு ஒரு கூண்டு. ஆண் எலிகள் ஐந்தாவது மாடியில், பெண் எலிகள் கீழ்த்தளத்தில். ஒவ்வொரு கூண்டிலும் ஆணையின் நகலை ஒட்டினார்கள். எலிகள் எட்டிய மட்டும் அதைக் கடித்தன. அரசுமுத்திரை போட்ட ஆவணத்தைச் சேதப்படுத்தியதற்குத் தனியாக ஒரு மெமோ வந்தது.

எலிகளைப் பராமரித்த அம்மாளை எல்லோரும் கூண்டம்மா என்பார்கள். அவர் ஆணையைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஒண்ணா இருந்தாத்தானே டாக்டர் குட்டி போடும்? கடுதாசி போட்டா போடும்?"

விந்தையும் கருமுட்டையையும் எடுத்து உறையவைத்துக் காப்பாற்ற ஒரு பெட்டி இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பே வந்திறங்கிய பெட்டி. இயக்குநர் திறந்துவைக்க நேரம் கிடைக்காததால் சிவப்பு ரிப்பன் கட்டியபடியே நின்றது. ரிப்பன் வெட்டாமல் கதவைத் திறக்க விதியில்லை.

விசாரணைக் குழு டிசம்பர் கடைசியில் எலி அறைக்கு வந்தது. தலைவர் முகர்தல் துறைக்காரர். இருபது வருஷமாகத் தீராத மூக்கடைப்பு. எலி அறைக்குள் நுழைந்ததும், "சுத்தமா வெச்சிருக்கீங்க, ஒரு வாடையும் இல்லை," என்று பாராட்டினார். கூண்டம்மா அன்று இன்னும் கூண்டு கழுவியிருக்கவில்லை.

"எலிகளின் வருகைப் பதிவேடு எங்கே?"

"அப்படி ஒண்ணு இல்லீங்களே."

"இல்லை. குறிச்சுக்கோங்க," என்றார் தலைவர் உறுப்பினரிடம். பிறகு கூண்டம்மாவைப் பார்த்து, "மே ஏழாம் தேதி இந்த எலிகள் எங்கே இருந்தன? நினைவுபடுத்திச் சொல்லுங்க."

"எங்கேயும் இல்லீங்க. இதுங்க பிறந்ததே ஜூன் பத்தொன்பதுல."

எலி டாக்டர் மூச்சை இழுத்துவிட்டார். சனியன் தொலைந்தது என்று நினைத்தார். பிறக்காத எலியை எந்தக் குழு விசாரிக்கும்? தலைவர் மூக்கைச் சிந்திக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஆக, மே ஏழாம் தேதி இந்த எலிகள் இல்லைன்னு நீங்களும் ஒத்துக்கறீங்க. குறிச்சுக்கோங்க. இல்லாமை நேரடிச் சாட்சியால் உறுதி."

"ஐயா," என்றார் எலி டாக்டர். அவர் குரலுக்கு ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. "நீங்களும் மரபணு ஆராய்ச்சிதான் செய்றீங்க. மே-7ன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? உங்க கட்டுரையைப் படிச்சிருக்கேன், பிரமாதம்." தலைவருக்கு உண்மையிலேயே பாராட்ட ஆசைதான். "ஆனா விஞ்ஞானியா எனக்குத் தெரிஞ்சதைக் குழுத் தலைவரா நான் தெரிஞ்சுக்கக் கூடாதும்மா. கோப்புல என்ன இருக்கோ அதை வெச்சுத்தான் முடிவு. தெரிஞ்சதை வெச்சு முடிவெடுக்கறதா இருந்தா அப்புறம் குழு எதுக்கு? இப்ப அடுத்த கேள்வி. ஜூன்ல பிறந்தது ஏன்? மே மாசத்துக்கு முன்னாடியே பிறக்க என்ன தடை? பெற்றோரைக் கூப்பிடுங்க."

பெற்றோர் இறந்துவிட்டார்கள். இறந்தவர்களிடம் விளக்கம் கேட்க விதியில்லை. விதியைத் திருத்த ஒரு துணைக்குழு அமைத்துவிட்டு, அது அறிக்கை கொடுக்கும்வரை விசாரணையைத் தள்ளிவைத்தார்கள்.

ஜனவரி பாதிக்குமேல் போனது. எலிகளுக்கு ஏழு மாதம் முடிந்தது. கூண்டம்மா ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"ரெண்டைச் சேர்த்து விட்டுடவா டாக்டர்? கீழேயிருந்து ஒண்ணை முந்தானைக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்துடுவேன். யாருக்குத் தெரியப்போவுது?"

எலி டாக்டர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அனுமதியில்லாமல் பிறந்த குட்டிகளில் செய்த சோதனையை எந்த ஆய்விதழும் ஏற்காது. பிடிபட்டால் எலிகளை மொத்தமாகக் கொன்றுவிடுவார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் குட்டி இருந்தால் எதையாவது செய்துகொள்ளலாம், குட்டியே இல்லாவிட்டால் எதைச் செய்வது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம் வாயைத் திறந்து பேசியது.

"வேண்டாம். விதிப்படியே வரட்டும். இயக்குநரைப் பார்க்கிறேன்."

இயக்குநரைப் பார்க்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் அக்கா அச்சகத்தில் முதல் பிழையை விட்டிருந்தார். இடது ஆட்காட்டி விரல் போய்விட்டது.

இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். மேசை துடைத்துவைத்தாற்போல் இருந்தது. ஒரு காகிதம்கூட இல்லை.

"உட்காருங்கம்மா. உங்களால நம்ம நிறுவனத்துக்கே பெருமை. நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

"சார், எலிகளுக்கு எட்டு மாசம் ஆகப்போகுது. இன்னும் பத்து நாள்தான் இருக்கு. பணிநீக்கத்தை எடுத்துட்டீங்கன்னா போதும். அது தேதி இல்லை சார், மரபணு."

"தெரியும்மா. எல்லாருக்கும் தெரியும்."

"உங்களுக்குமா?"

"மெமோல கையெழுத்துப் போடறப்பவே தெரியுமே. தெரியாம கையெழுத்துப் போடறவன் நான் இல்லை." இயக்குநர் லேசாகப் புண்பட்டிருந்தார். "தெரிஞ்சும் போட்டேன் பாருங்க, அதுதான் பொறுப்பு. உண்மை தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா கோப்பை நிறுத்த ஆரம்பிச்சா நிர்வாகம் என்னாகும்? என் மேசையைப் பாருங்க. எந்தக் கோப்பும் ஒரு நிமிஷத்துக்குமேல என் கையில தங்காது. தொட்டதும் அடுத்த மேசைக்குப் போயிடும். முப்பது வருஷத்துல எந்தக் கோப்பும் என்னைப் பாதிச்சதில்லை. அதனாலதான் இந்த நாற்காலியில இருக்கேன்."

"சார், எங்க அக்காவோட விரல்..."

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம். அதுக்காகவே ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன்." அவர் முகம் மலர்ந்தது. "வர்ற மே ஏழாம் தேதியைத் தொடுதல் நாளா கொண்டாடப் போறோம். தேதி எப்படியும் கோப்புல ஏறிடுச்சு, வீணாப்போக வேண்டாமே. உங்க அக்காவையே கூட்டிட்டு வாங்க. கல்வெட்டுத் திறக்கறோம், பிரெய்ல்ல."

எலி டாக்டர் வெளியே வந்து, நான்காவது மாடிவரை லிப்டில் போய், மீதியை நடந்து ஏறினார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். அது வரவில்லை. கால்கள் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன.

விசாரணைக் குழுவின் இறுதி ஆணை ஏப்ரல் முதல் வாரம் வந்தது. நாற்பத்திரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில் தீர்ப்பு: "மேற்படி எலிகள் சம்பந்தப்பட்ட தேதியில் பிறந்திருக்கவில்லை என்பதைக் கருத்தில்கொண்டு, அவற்றின் வராமை மன்னிக்கப்படுகிறது. இதுவே முதலும் கடைசியுமாக இருக்கவேண்டும் என எச்சரிக்கப்படுகிறது. இனப்பெருக்கத்துக்கு அனுமதி வழங்கப்படுகிறது."

பிரிவு எழுத்தர் ஆணையைத் தானே கையில் எடுத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. "சொன்னேன்ல மேடம்? நியாயம் ஜெயிச்சிடுச்சு. சர்வீஸ் ரெகார்டுல ஒரு கரும்புள்ளி இல்லாம வெளிய வந்துட்டீங்க."

அன்றே எலிகளை ஜோடி சேர்த்தார்கள். கூண்டம்மா பஞ்சு வைத்தார், கூடு கட்டக் காகிதம் கிழித்துப் போட்டார். பெண் எலிகளின் வயிற்றைத் தினமும் தடவிப் பார்த்தார். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று முகர்ந்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் படுத்துத் தூங்கின. மூன்று வாரம் போய், நாலாவது வாரத் தொடக்கத்தில் கூண்டம்மா வந்து, "ஒண்ணும் இல்லீங்க டாக்டர்," என்றார். சொல்லிவிட்டு அவர்தான் அழுதார். எலி டாக்டர் படிவம் பத்தொன்பதை எடுத்து, பிறந்த குட்டிகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் பூஜ்ஜியம் என்று எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார். கூண்டம்மா கேட்ட அன்றே சேர்த்துவிடச் சொல்லியிருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. தோன்றியதே தவிர, அது எங்கும் போய்த் தைக்கவில்லை.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் அக்காவே கேட்டார்.

"எலிங்க குட்டி போடலை, அதானே?"

"எப்படித் தெரியும்?"

"நீ டம்ளரை வைக்கிற சத்தத்துலயே தெரியுது." அக்கா தன் டம்ளரைத் தள்ளி வைத்தார். "சரி விடு. மறுபடி அந்த எலியை உண்டாக்க எவ்வளவு நாளாகும்?"

"நாலு வருஷம்."

"நாலு வருஷத்துல எனக்கு எதுவரைக்கும் போயிருக்கும்?"

எலி டாக்டருக்குக் கணக்குத் தெரியும். சொல்லவில்லை. அக்காவும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

மே ஏழாம் தேதி விழா. ஐந்து துறைக்காரர்களும் வந்திருந்தார்கள். எலிகளை விசாரித்த குழுவுக்கு நினைவுப் பரிசு கொடுத்தார்கள். இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார். "நாம் உணர்வை ஆராய்கிறோம், ஒருபோதும் உணர்ச்சிவசப்பட்டதில்லை," என்றபோது நல்ல கைதட்டல். பிறகு திரையை விலக்கினார். பித்தளைத் தகட்டில் மேலே சாதாரண எழுத்து, கீழே பிரெய்ல் புள்ளிகள்.

"இதை முதலில் தொட்டுப் படிக்கப்போகிறவர் நம் விஞ்ஞானியின் சகோதரி," என்று அறிவித்தார் இயக்குநர். "பிரெய்லில் பிழை பார்ப்பதில் இவரை மிஞ்ச ஆளில்லை. தகட்டில் பிழை இருக்கிறதா என்று இவரே சொல்லட்டும்!"

எலி டாக்டர் அக்காவை மேடைக்குக் கூட்டிப் போய்த் தகட்டின் முன்னால் நிறுத்தினார். அக்கா வலது ஆட்காட்டி விரலை முதல் வரியில் வைத்து நகர்த்தினார். வரி முடிந்து பித்தளையும் முடிந்து, விரல் சுவரில் போய்க்கொண்டிருந்தது. எலி டாக்டர் அதைப் பார்த்தார். மற்ற யாரும் பார்க்கவில்லை. போட்டோ எடுப்பவர் மட்டும் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். அக்கா இன்னொரு தடவை செய்தார்.

"பிழை ஒண்ணும் இல்லைங்க," என்றார் அக்கா.

கைதட்டல் அடங்க நேரமானது. இயக்குநர் எழுந்து நின்று தட்டினார். பிரிவு எழுத்தர் பின்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சத்தத்துக்குள் அக்கா திரும்பி, காற்றில் துழாவி, கைக்கு அகப்பட்டதை இறுகப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பாப்பா, நான் பிடிச்சிருக்கறது உன் கைதானே?"

எலி டாக்டர் தன் கையைக் குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான், "ஆமாக்கா," என்றார்.